ஓடிப்போக வேண்டாம், போய் வாருங்கள்

என்னிடம் வந்து பேசும் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். முடியை எங்கே வெட்டிக்கொண்டீர்கள் என்பது முதல் கேள்வி. காட்டுப் பக்கம் ஓர் இரவு தங்கிவர எவ்வளவு பணம் வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும். கேட்பவரின் முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான் என்று புரிந்துவிடும். தெரிந்தவர் கண் படாத ஓர் இடத்தில், தனக்குப் பிடித்தபடி உடுத்திக்கொண்டு, இரண்டு நாள் இருந்து பார்க்க முடியுமா? கையில் அதிகம் பணம் கிடையாது. தைரியமும் அளவாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு நான் தனித்தனியாகச் சொல்லிவருவதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

நான் கோபாலபுரத்துக்காரி. சென்னைக் கோபாலபுரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் பாதையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் ஆரம்பிக்கும் இடம். தென்னந்தோப்பு, செக்போஸ்ட், லாரி, இவைதான் எங்கள் ஊரின் பெருமைகள். கடைப் பலகைகளில் இரண்டு எழுத்தும் இருக்கும், பேச்சில் இரண்டு மொழியும் கலந்திருக்கும். எனக்கு வயது 44. தலையில் கிராப், மேலே அரைக்கைச் சட்டை, வீட்டில் கைலி, வெளியே பேண்ட். டீக்கடையில் ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் எனக்கு நாலு உறவு வந்து சேரும். முதுகைப் பார்த்தவர் "ஏனுங் தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். முகத்தைப் பார்த்ததும் "அட, நம்ம அம்முணியா" என்பார். லாரியிலிருந்து இறங்கும் பையன் "சேட்டா" என்று ஆரம்பித்து, நான் வாயைத் திறந்ததும் "சேச்சி, சாரி" என்று முடிப்பான். எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்ப்பேன். டீ ஆறிவிடக்கூடாது, அதுதான் முக்கியம்.

என்னைப் போன்றவர்களுக்கு ஆங்கிலத்தில் 'புட்ச்' என்று ஒரு சொல் இருக்கிறது. பெண்களை நேசிக்கும் பெண்களில், உடையிலும் நடையிலும் ஆண்களுக்கு என்று உலகம் ஒதுக்கிவைத்ததை இயல்பாகத் தனதாக்கிக்கொண்டவர் புட்ச். 1940களிலும் 50களிலும் அமெரிக்காவின் தொழில் நகரங்களில், உழைத்துச் சம்பாதித்த பெண்களிடையே புழங்கிய சொல் இது. பஃபலோ நகரத்துப் பெண்களின் வாய்மொழி நினைவுகளைத் திரட்டி எலிசபெத் கென்னடி, மேடலின் டேவிஸ் என்ற இருவர் 1993ல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டார்கள். தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் இன்னும் நிலைக்கவில்லை. 'ஆம்பிளை மாதிரி' என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்வதைப் பெயர் என்று சொல்லமுடியாது, அது புகார். திருநம்பி என்பவர் வேறு. பெண் என்று பதிவாகியிருந்தாலும் தன்னை ஆணாக உணர்பவர் அவர். புட்ச் தன்னைப் பெண் என்றே சொல்லிக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர்களும் உண்டு. எந்தப் பலகைக்குக் கீழே நிற்பது என்பதை முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும் என்று சட்டமில்லை. எல்லையில் பிறந்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

எங்கள் பக்கத்தில் வளர்ந்த பலருக்குப் பத்மராஜன் இயக்கி 1986ல் வெளிவந்த 'தேசாடனக்கிளி கரயாறில்ல' படம் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போன சாலி, நிம்மி என்ற இரண்டு மாணவிகள் வீடு திரும்பாமல் ஓடிப்போகிறார்கள். ஷாரி நடித்த சாலியின் தோரணையில் என்னைப் போன்றவர்கள் தங்களைக் கண்டுகொண்டார்கள். படத்தின் முடிவில் இரண்டு பெண்களும் செத்துப்போகிறார்கள். திரையில் மட்டும் நடந்த கதையல்ல இது. சேர்ந்து வாழ வழியில்லாமல் சேர்ந்து இறந்த பெண்களைப் பற்றிக் கேரளப் பத்திரிகைகளின் மூலைகளில் அப்போது செய்திகள் வந்துகொண்டிருந்தன. பெண்களை நேசிக்கும் பெண்களுக்காகக் கேரளத்தில் 2002ல் ஓர் அமைப்பு ஏற்பட்டது. அதற்கு வைத்த பெயர் 'சஹயாத்ரிகா'. உடன் பயணிப்பவள் என்று அர்த்தம்.

தமிழ் வீடுகளில் வாசல் தாண்டும்போது "போறேன்" என்று சொன்னால் பெரியவர்கள் விடமாட்டார்கள். "போயிட்டு வர்றேன்னு சொல்லு கண்ணு" என்று திருத்துவார்கள். நான் சொல்ல நினைப்பது அந்தத் திருத்தத்துக்குள் அடங்கிவிடும். தன்னைத் தானாகப் பார்க்க ஆசைப்படும் பெண்ணுக்கு நம் கதைகள் காட்டிய ஒரே வழி ஓடிப்போவது. எனக்குத் தெரிந்த நல்ல வழி, போய்வருவது. சனிக்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் திரும்பி, திங்கட்கிழமை வேலைக்குப் போவது. முதலில் இரண்டு நாள் பழகிய சட்டை, பிறகு ஏழு நாளும் பழகிவிடும்.

சட்டையிலிருந்தே ஆரம்பிப்போம். பெண் ஆண்சட்டை போடுவது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால், அவரைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கு எங்கள் தோப்புப் பக்கம் வாருங்கள். களை எடுக்கவும் தேங்காய் பொறுக்கவும் வரும் பெண்கள், சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். மூணாறு தேயிலைத் தோட்டங்களிலும் அதே காட்சி. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையே ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்களே, 'பெம்பிளை ஒருமை' பெண்கள், அவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். முள்ளுக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் முழுக்கைச் சட்டைதான் சரி என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வேலை என்று வந்துவிட்டால் அந்தச் சட்டையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் புதிதாக ஆரம்பிக்கிறவளுக்கு மலைப்பயணம் நல்ல தொடக்கம். அங்கே பேண்ட், சட்டை, ஷூவுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

புதுத் துணி வாங்கப் பெரிய கடைக்குப் போகவேண்டாம். திருப்பூரில் ஏற்றுமதியில் கழித்த 'செகண்ட்ஸ்' சரக்கு பொள்ளாச்சிவரை வந்து குவிகிறது. ஆண்களின் டி-சர்ட், டிராக் பேண்ட், ஜெர்கின் எல்லாம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு பட்டன் இருக்காது, ஒரு தையல் கோணலாக இருக்கும், அவ்வளவுதான். சட்டை எடுக்கும்போது மார்பளவைப் பார்க்காமல் தோளைப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்காரவேண்டும். இடுப்பும் நீளமும் தெருமுனை டெய்லர் சரிசெய்துவிடுவார். தோளைச் சரிசெய்வதற்குப் புதுச் சட்டையே தைத்துவிடலாம். ஆண்கள் பேண்ட் இடுப்பில் சரியாக இருந்தால் தொடையில் பிடிக்கும், தொடையில் சரியாக இருந்தால் இடுப்பில் தொளதொளவென்று நிற்கும். தொடைக்குச் சரியானதை வாங்கி இடுப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆண்கள் பேண்ட்டில் பாக்கெட் ஆழம். கையை உள்ளே விட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். பாதித் தோரணை அதிலேயே வந்துவிடும்.

கைலியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரே துணி, பத்து வேலை. கட்டிக்கொள்ளலாம், போர்த்திக்கொள்ளலாம், தலையணையாகச் சுருட்டலாம், குளித்துவிட்டுத் துவட்டலாம், உடை மாற்ற மறைப்பாகக் கட்டலாம், விறைப்பான கயிற்றில் போட்டால் வெயிலுக்குப் பந்தல். மடித்துக் கட்டி நடக்கும்போது கிடைக்கும் சுதந்திரம், கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கூடார சாமான் விற்கும் கடைக்காரர் இதே வேலைகளுக்கு ஆறு பொருள் விற்பார்.

மார்பை இறுக்கிக் கட்டிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. பிளாஸ்திரியோ காயத்துக்குக் கட்டும் எலாஸ்டிக் துணியோ வேண்டவே வேண்டாம். மூச்சு விடும்போது அது விரிந்துகொடுக்காது. விலா எலும்புக்கே ஆபத்து. அதற்கென்று தைத்த உடையாக இருந்தாலும் எட்டு மணி நேரத்துக்குமேல் போடக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது, மலை ஏறக்கூடாது. ஏறும்போது நுரையீரலுக்கு முழு இடம் தேவை. ஓட்டப்பந்தயப் பெண்கள் போடும் ஸ்போர்ட்ஸ் பிராவும் மேலே தளர்ந்த முழுக்கைச் சட்டையும் போதும். மலை உச்சியில் உங்கள் மார்பை அளந்துபார்க்க யாரும் நிற்கப்போவதில்லை.

அடுத்தது முடி. பெண் முடியைக் குறைத்தால் ஊரே துக்கம் கேட்க வரும். ஆனால் மொட்டையே அடித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பழனி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண்களும் முடியிறக்கும் கோயில் எங்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது ஒரு பாக்கியம். மொட்டை வளர்ந்து கிராப் ஆக மூன்று நாலு மாதம். அதற்குப் பிறகு அதை அப்படியே வைத்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம். நேர்த்திக்கடனை இதற்காகப் பயன்படுத்த மனம் ஒப்பாதவர்கள் படிப்படியாகப் போகலாம். முதலில் தோள்வரை, பிறகு காதுவரை, பிறகு பின்கழுத்தில் மிஷின். ஆண்கள் சலூனில் சிலர் தயங்குவார்கள். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய், வேண்டிய வெட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக் கேளுங்கள். தொழில் தெரிந்தவருக்கு உங்கள் தலையும் ஒரு தலைதான்.

துணிச்சல் குறையும்போது நான் நினைத்துக்கொள்வது ஒரு தஞ்சாவூர்ப் பெண்ணை. மணலூர் மணியம்மா. பிராமணக் குடும்பத்து விதவை. கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராட இறங்கியபோது முடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் உடுத்தி, சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். சிலம்பம் கற்றுக்கொண்டார். காங்கிரஸில் தொடங்கிக் கம்யூனிஸ்டாக ஆனார். 1953ல் மான் முட்டி இறந்துபோனார். அவருடைய வாழ்க்கையை வைத்துத்தான் ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலை எழுதினார். அவரைப் புட்ச் என்று நான் சொல்லவரவில்லை. அவர் மனம் அவருக்குத்தான் தெரியும். பெயர் எதுவாக இருந்தாலும், வேட்டி கட்டிய ஒரு பெண்ணை அந்தக் காலத்துக் கிராமங்கள் தலைவராகவே ஏற்றுக்கொண்டன என்பது நமக்குப் போதுமான ஆதாரம். நம் காலத்திலும் ஒன்று நடந்தது. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் ஒரே பேண்ட், சட்டை என்று கொண்டுவந்தது. சில அமைப்புகள் எதிர்த்துக் கிளம்பின. பிள்ளைகள் பேண்ட்டில் கையை விட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்.

இப்போது மலைக்கு வருவோம். முதல் இரவைக் காட்டில் கழிக்காதீர்கள். மொட்டை மாடியிலோ, உறவுக்காரர் தோப்பிலோ, தோழியின் களத்திலோ கழியுங்கள். கீழே ஒரு தார்ப்பாய், மேலே ஒரு கொசுவலை, நடுவில் நீங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என்ன குறைகிறது என்று எழுதிவையுங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம், முதுகில் குத்தும் கல், எட்டாத தண்ணீர் பாட்டில், இவற்றுக்கெல்லாம் செலவில்லாமல் அங்கேயே மருந்து கண்டுபிடிக்கலாம். தோப்பில் என்றால் தென்னைமரத்துக்கு நேர்கீழே படுக்கவேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

கூடாரம் வாங்காதீர்கள். வருடத்துக்கு நாலு இரவுக்காக அவ்வளவு பணம் போடவேண்டாம், வாடகைக்குக் கிடைக்கிறது. காசு செலவழிக்க வேண்டிய இடங்கள் மூன்று. காலுக்குப் பிடிமானமுள்ள ஷூ, தலையில் மாட்டும் டார்ச், தரைக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு ஃபோம் பாய். போர்வையை எவ்வளவு தடிமனாக மேலே போட்டாலும் கீழிருந்து வரும் குளிரை அது தடுக்காது. மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. பழைய ஸ்வெட்டர், நைலான் கயிறு, நெல் சாக்கு, தூக்குப் பாத்திரம், மழைக்குப் பெரிய பிளாஸ்டிக் ஷீட். ஏறும்போது பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் ஊறி அப்படியே குளிரும். திருப்பூர் செகண்ட்ஸில் விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன் கிடைத்தால் எடுங்கள், சீக்கிரம் காயும்.

குளிருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி இறங்கும். பொள்ளாச்சி சமவெளி, மூணாறு சுமார் 1,500 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் மூணாறில் சில விடியல்களில் பூஜ்யத்தைத் தொடும். ஆகவே முதல் பயணத்துக்கு மூணாறைவிட அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் மறையூரும் சின்னாறும் நல்லவை. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு பஸ் இந்த வழியாகத்தான் ஏறுகிறது. சின்னாறு மழைமறைவுப் பிரதேசம், இடுக்கி மாவட்டம் நனையும்போதும் இங்கே முள்மரங்கள் காய்ந்து நிற்கும். மலிவான ஷீட்டை நம்பி வருகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். மறையூரில் பாறைமேல் பழங்காலத்தவர் பலகைக் கற்களால் அமைத்த முனியறைகள் இருக்கின்றன. சந்தனமரம் இருக்கிறது, கரும்பு வெல்லம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு இன்னும் பக்கம் பரம்பிக்குளம். கேரளத்தின் புலிகள் காப்பகம், ஆனால் ரோட்டில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே நிற்கும் கன்னிமாரா தேக்கைச் சுற்றிக் கை கோத்து நிற்க ஒரு குடும்பமே தேவைப்படும்.

காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். சின்னாறிலும் பரம்பிக்குளத்திலும் கேரள வனத்துறையே சூழல் சுற்றுலாவாகத் தங்குமிடங்களை நடத்துகிறது. வழிகாட்ட வருபவர்கள் அந்தக் காட்டிலேயே பிறந்த பழங்குடியினர். தனி ஆளுக்குக் கட்டணம் கூடுதலாகத் தெரியும். நாலைந்து பேர் பகிர்ந்தால் தாங்கும். தமிழ்நாட்டு வனத்துறை 2024ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. காலையில் போய் மாலையில் திரும்பும் எளிய பாதைகளும் அதில் உண்டு. காந்தளூர், மறையூர்ப் பக்கம் பட்டா நிலங்களில் தனியார் கூடாரம் வாடகைக்குத் தருகிறார்கள். பணம் கட்டுவதற்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். உரிமம் இருக்கிறதா? காட்டின் விளிம்பு எவ்வளவு தூரம்? கக்கூஸ் கூடாரத்துக்கு எத்தனை அடி?

கேள்விகளுக்குக் காரணம் உண்டு. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், தனியார் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். இடுக்கி சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், அடுத்த மாதமே கம்பம் நகரத் தெருவில் நடந்தது. யானைக்கு எல்லை கிடையாது, கூடாரத் துணி அதற்குச் சுவரும் கிடையாது. 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள், வாரக் கடைசியில் மலை பார்க்க வந்தவர்கள். பிப்ரவரியிலிருந்து கோடை மழைவரை புல்மலைப் பக்கமே போகாதீர்கள். எந்த மாதத்திலும் காட்டில் நெருப்பு மூட்டாதீர்கள். ஓடிப்போகும் கதைகளில் காடு அடைக்கலம் தரும். உண்மையான காட்டில் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும்தான் அடைக்கலம்.

நெருப்பில்லாமல் சாப்பாடா என்று கேட்பீர்கள். நம் பாட்டிமார் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பழனிக்கு நடந்தவர்கள். புளிச்சோறு மறுநாள் காலைவரை தாங்கும். அவலும் வெல்லமும் நிலக்கடலையும் இருந்தால் அடுத்த வேளையும் முடிந்தது. அட்டைக் கடிக்கு ஒரு சிறு துணியில் உப்பு முடிந்துகொள்ளுங்கள். மாதவிலக்கு நாள் என்றால் பயணத்தை ஒத்திப்போட வேண்டியதில்லை. மாதவிலக்குக் கப் பழகியவர்களுக்குக் குப்பையே சேராது. எர்ணாகுளம் மாவட்டம் கும்பளங்கி கிராமத்தையே 2022ல் நாப்கின் இல்லாத ஊராக அறிவித்தார்கள், இந்தக் கப்பையும் துணிப் பட்டையையும் நம்பித்தான். ஆனால் வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகாமல் மலையில் முதல்முறை முயலவேண்டாம். நாப்கின் என்றால் திருப்பி எடுத்துவர ஒரு பை.

இனி வழியில் சந்திக்கும் மனிதர்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். ஒருமுறை ஒரு கண்டக்டர் என்னிடம் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். "அண்ணா, நான் பொம்பளைங்க" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் ஒரு நிமிடம் யோசித்து, இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "முன்னாடியே சொல்றதில்லீங்களா" என்றார். என்னென்று முன்னாடியே சொல்வது? பஸ்ஸைவிடக் கஷ்டம் கழிப்பறை. பெண்கள் பக்கம் நுழைந்தால் உள்ளே இருப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். உள்ளே போவதற்குமுன் வாசலில் நின்று, "அக்கா, வரிசை இருக்குங்களா?" என்று சத்தமாகக் கேளுங்கள். குரல் உங்களுக்கு முன்னால் போய் விஷயத்தைச் சொல்லிவிடும். ஆதார் அட்டையில் ஜடையோடு இருப்பீர்கள், எதிரே கிராப்போடு நிற்பீர்கள். வனத்துறைச் சோதனையில் நேரமாகும். சமீபத்தில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றைப் பர்ஸில் வையுங்கள். கோபப்படாமல் நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் அதே வாசலுக்கு இன்னொருத்தி வரப்போகிறாள்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடையாலும் நடையாலும் வெளிப்படுத்துவது கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014ல் 'நால்சா' வழக்கில் சொன்னது. பெண் பெண்ணை நேசிப்பது குற்றமல்ல என்பது 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ந்துபோன விஷயம். கல்யாண உரிமை 2023ல் கிடைக்கவில்லை. ஆனால் 2022 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம், வீட்டார் பிரித்த இரண்டு பெண்களைச் சேர்ந்து வாழ அனுமதித்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டார் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்தபோது, குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றே வழியல்ல என்றது. மருத்துவத்தால் 'சரிசெய்கிறேன்' என்று யாராவது கிளம்பினால், அதற்கும் 2021லேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. டாக்டர் அப்படிச் செய்தால் தொழில் ஒழுக்கக் கேடு என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022ல் சொல்லிவிட்டது. இவற்றைச் சொல்லிச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. தெரிந்துவைத்திருந்தால் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

கடைசியாக, யாருடன் போவது என்ற கேள்வி. தனியாகப் போகாதீர்கள். காதலியோடு மட்டும் முதல்முறை போவதும் சரிப்படாது. சின்ன மனத்தாங்கல் வந்தாலும் கூடாரம் சிறிதாகிவிடும். நாலு பேர் நல்ல எண்ணிக்கை. போகும் இடம், பஸ், திரும்பும் நேரம் மூன்றையும் ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அம்மாவிடம் சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "மறையூர்வரை போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துர்றேம்மா" என்றால் போதும். அப்படிச் சொல்லக்கூட முடியாத, கைநீட்டி அடிக்கும் வீடாக இருந்தால் மலைப்பயணம் அதற்குத் தீர்வாகாது. முதலில் சஹயாத்ரிகா போன்ற அமைப்பிடம் பேசுங்கள். சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள். அந்தப் பழைய படத்தின் முடிவை இன்னொரு முறை எடுக்க யாருக்கும் அவசியம் இல்லை.

மலையில் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது என்றுதான் சொல்வேன். முழங்கால் வலிக்கும். சாயங்காலம் ஆறரைக்கு இருட்டிவிடும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து அவல் சாப்பிடுவீர்கள். யாரும் தம்பி என்றோ அம்முணி என்றோ கூப்பிடமாட்டார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். விடிந்ததும் சாமானைக் கட்டி, குப்பையைப் பொறுக்கி, பஸ்ஸுக்கு நடப்பீர்கள். சட்டை அழுக்காகியிருக்கும். துவைத்துக் காயப்போடுங்கள், புதன்கிழமைக்குள் காய்ந்துவிடும். வியாழக்கிழமை அதையே ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.